பூ நிலவரம்

என்ரை மனுசனுக்கு முட்டுத் தொடங்கினால்தான் எங்கடை ஒழுங்கையிலை வேப்பம்பூ வடகத்துக்கு உழுந்து ஊறப்போடுவினம். இப்ப ஆருக்கும் இதைச் சொன்னால் விசர்க் கதை எண்டு சிரிப்பினம். அப்ப எனக்குச் சிரிப்பு வரேல்லை, பத்திக்கொண்டுதான் வந்தது.

இந்த முட்டு வருத்தத்தைச் சில பேர் தொய்வு எண்டுவினம், சில பேர் இழுப்பு எண்டுவினம். என்ன பேரைச் சொன்னாலும் ஆளுக்கு நடக்கிறது ஒண்டுதான். மூச்சு உள்ளுக்குப் போகும், வெளியிலை வரமாட்டன் எண்டு அடம் பிடிச்சு நிக்கும். பழைய படலையைத் திறந்து சாத்துற மாதிரி நெஞ்சுக்குள்ளை ஒரு சத்தம். அவர் கட்டில் விளிம்பிலை நிமிர்ந்து இருந்து, ரெண்டு கையையும் முழங்காலிலை ஊண்டி, தோளை உயத்தி உயத்தி மூச்சு எடுப்பார். 

எங்கடை வீடு யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையிலை, கடலுக்குப் போற ஒழுங்கை ஒண்டிலை இருந்தது. பக்கத்து வளவிலை ஒரு பெரிய வேம்பு. அடியிலை சூலம் நட்டு, வைரவர் எண்டு விளக்கு வைச்சு வந்தவை. மரத்தின்ரை அரைவாசிக் கொப்பு எங்கடை கூரைக்கு மேலைதான் கிடந்தது. அந்த வளவிலை இருந்தது ஒரு அக்கா. புருசன் செத்துப் போனார், பிள்ளையள் வெளிநாட்டுக்குப் போட்டுதுகள். எங்களுக்கும் அவவுக்கும் நடுவிலை ஒரு கிடுகு வேலி, அதிலை ஆள் குனிஞ்சு போற அளவுக்கு ஒரு பொட்டு. அந்தப் பொட்டுக்குள்ளாலை கறியும் போகும், கதையும் போகும். அவரின்ரை முட்டும் அதுக்குள்ளாலைதான் போனது.

அவர் முந்திக் கொழும்பிலை ஒரு கந்தோரிலை இலிகிதர். நான் ஊரிலை இருந்தன். எண்பத்து மூண்டிலை அங்கை தமிழரை அடிச்சு எரிச்சு முடிய, உடுத்த உடுப்போடை கப்பலிலை ஏறி வந்து சேர்ந்தார். படலையிலை நிண்டு, "இஞ்சேரும், இனி உயிருக்குப் பயமில்லை. சொந்த ஊருக்கு வந்திட்டன்" எண்டு சொன்னார். நான் அழுதன். அடுத்த பங்குனியிலை முட்டத் தொடங்கினார்.

முதல்லை எல்லாரும் அது பயத்திலை வந்த வருத்தம் எண்டினம். பரியாரியார் ஆடாதோடை அவிச்சுக் குடிக்கச் சொன்னார். நானும் அவிச்சு அவிச்சுக் குடுத்தன், அவரும் முகத்தைச் சுழிச்சுச் சுழிச்சுக் குடிச்சார். கடைசியா ரவுணிலை ஒரு டொக்குத்தரிட்டைக் கூட்டிக்கொண்டு போனன். அந்த மனுசன் நெஞ்சிலை குழாயை வைச்சுக் கேட்டிட்டு, வீட்டடியிலை என்ன மரம் நிக்குது எண்டு கேட்டார். வேம்பு எண்டன்.

"அதின்ரை பூத்தூள்தான். கொழும்பிலை இருக்கேக்கை வரேல்லைத்தானே? பூக்கிற காலத்திலை ஊரிலை நிக்காமல் கொழும்புப் பக்கம் போய் இருந்தால் சுகமாப் போம்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிச்ச சிரிப்பிலை அங்கையே இழுப்பு வந்து, டொக்குத்தர் ஊசி போட வேண்டி வந்தது. வீட்டை வரேக்கை எனக்கு ஒரே யோசினை. அங்கை போனால் மனுசர் கொல்லுவாங்கள், இஞ்சை இருந்தால் மரம் கொல்லும். இதுக்கு ஆரிட்டைப் போய் நியாயம் கேக்கிறது?

அவர் அழுது கொட்டுற ஆளில்லை. எல்லாத்தையும் பகிடியாக்கிப் போடுவார். அந்தப் பகிடியாலை நான் பட்ட எரிச்சல் கொஞ்சமில்லை. கொஞ்சக் காலத்திலை தன்ரை உடம்பை வடிவாப் படிச்சிட்டார். தையிலை மா பூத்தால் தும்மல். பனை பாளை விட்டால் கண் கடி. சோளகக் காத்து எழும்பினால் புழுதிக்குத் தொண்டை கட்டும். பங்குனியிலை வேம்பு பூத்தால் முட்டு. வானொலியிலை செய்தி முடியக் காலநிலை அறிக்கை வாசிப்பினமெல்லே, அந்தக் குரலிலை காலமை தேத்தண்ணிக் கோப்பையோடை இருந்து வாசிப்பார்.

"யாழ்ப்பாணம், கொழும்புத்துறை ஒழுங்கை. இன்றைய பூ நிலவரம். மா ஓய்ந்துவிட்டது. பனை மிதமாக வீசும். வேம்பு நாளையோ மறுநாளோ எதிர்பார்க்கப்படுகிறது. இலிகிதர்மார் வெளியே செல்வதைத் தவிர்க்கவும்."

"இஞ்சேருங்கோ, உது சிரிக்கிற விசயமோ? குடிச்சிட்டு எழும்புங்கோ" எண்டு நான் ஏசுவன். அவர் அறிவிச்சது ஒருநாளும் பிழைக்கிறேல்லை. அண்ணாந்து பாத்தால் கண்ணுக்கு ஒரு பூவும் தெரியாது, அதுக்கு முதலே நெஞ்சு இறுகும். உச்சிக் கொப்பிலை எங்கையோ ரெண்டு பூ வெடிச்சிருக்கும். பேந்து ஒரு நாளோ ரெண்டு நாளோ கழிய மரமடியிலை பூக் கொட்டத் தொடங்கும்.

இதை என்னிலும் முதல் கண்டுபிடிச்சது பக்கத்து வளவு அக்கா. வேப்பம்பூ வடகத்துக்கு முதல் கொட்டுற பூத்தான் திறம். அது புழுதி படாமல், எறும்பு ஏறாமல் விழவேணும். பிந்தினால் காம்பும் சருகும் கலந்து கைச்சுப் போம். அதுக்கு முதல்நாளே மரமடியைக் கூட்டி, சாணி தெளிச்சு, பாய் விரிச்சு வைக்கவேணும். எண்டைக்கு விரிக்கிறது எண்டதுதான் ஒவ்வொரு வரியமும் அவவுக்குப் பெரிய தலையிடி. என்ரை மனுசன் ஊருக்கு வந்த பிறகு அந்தத் தலையிடி தீர்ந்து போச்சு.

பங்குனி பிறந்தால் பொட்டுக்குள்ளாலை தலையை நீட்டுவா. "பிள்ளை, தம்பிக்கு எப்பிடி? தொடங்கீட்டுதோ?"

"இன்னும் இல்லை அக்கா" எண்டால் முகத்திலை ஒரு சின்ன ஏமாற்றம். அது அவவுக்கே தெரியாது. கெட்ட மனுசி இல்லை. இவருக்கு இழுத்த நாளிலை கொள்ளி அடுக்கி வெந்நீர் வைச்சுத் தந்தது அவதான். எண்டாலும் விடியப்புறம் இவர் கட்டிலிலை நிமிர்ந்து இருந்து மூச்சுக்குத் தவிக்க, வேலிக்கு அங்காலை விளக்குமாத்துச் சத்தம் கேக்குமெண்டு நினைச்சுப் பாருங்கோ. எனக்கு அந்த விளக்குமாத்தைப் பறிச்சு அடுப்பிலை வைக்கவேணும் போலை இருக்கும். விடிய ஒழுங்கைப் பொம்பிளையள் எல்லாம் பாயைக் காண வருவினம். "முட்டீட்டாரோ? அப்ப நானும் உழுந்தைப் போடுறன்." பாயை விரிக்கிறதும் உழுந்து அரைக்கிறதும் சிரிப்பும் கதையும், ஒரு கலியாண வீடு மாதிரித்தான்.

வடகம் காய்ஞ்ச உடனை முதல் பங்கு எங்களுக்கு வரும். "தம்பிக்குப் பொரிச்சுக் குடு பிள்ளை. நெஞ்சுச் சளியை அறுக்கும்." இவரும் சோத்தோடை நொறுக்கி நொறுக்கித் தின்னுவார். "என்னைக் கடிக்கிறவையை நானும் கடிக்கத்தானே வேணும்" எண்டுவார்.

ஒரு வரியம் எனக்குப் பொறுக்கேல்லை. பொட்டுக்குள்ளாலை போய் நேரை கேட்டன். "அக்கா, குறை நினையாதேங்கோ. உந்த வேம்பைத் தறிச்சு விடுங்கோவன். டொக்குத்தரே சொல்லிப் போட்டார், அதாலைதான் இவருக்கு வருத்தம்."

அவவுக்கு வந்த கோவத்தைப் பாக்கவேணும். "என்ன கதை கதைக்கிறாய்? வைரவர் குடியிருக்கிற மரத்தையோ? வேப்பங்காத்துப் பட்டால் உள்ள வருத்தமும் போம் எண்டுதானே சனம் சொல்லுது. வேப்பங்காத்திலை ஆரடி செத்தது?"

நானும் விடேல்லை. கத்தினன். ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். இவர் பொட்டடிக்கு வந்து என்ரை கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போனார்.

"விடும். இதைத் தறிச்சால் கோயிலடி வேம்பு நிக்குது. அதைத் தறிச்சால் பள்ளிக்கூடத்து வேம்பு. நல்லூர் வரைக்கும் தறிச்சுக்கொண்டு போவீரோ? ஊரே வேம்புதான்."

அண்டைக்குத்தான் எனக்கு மனம் விட்டுப் போனது. அதுக்குப் பிறகு வருத்தம் மாறும் எண்டு நான் ஒரு நாளும் நம்பேல்லை. கோயிலுக்குப் போனன், நேத்தி வைச்சன், எல்லாம் ஒரு பழக்கத்துக்குத்தான்.

எங்களுக்கு ஒரு மகள். அவள் பிறந்த நாளிலை இருந்து அவருக்கு ஒரே ஒரு பயந்தான். குண்டுக்கும் பயமில்லை, ஆமிக்கும் பயமில்லை. தன்ரை முட்டு அவளுக்குப் போயிடுமோ எண்ட பயம். அதை மட்டும் பகிடியாக்க மாட்டார். பங்குனியிலை பிள்ளை நித்திரையான உடனை என்னைக் கூப்பிடுவார். "இஞ்சேரும், முதுகிலை காதை வைச்சுப் பாரும். என்ரை இரைச்சலிலை எனக்கு விளங்குதில்லை." நான் குனிஞ்சு பிள்ளையின்ரை முதுகிலை காதை வைப்பன். வியர்வை மணமும் சவர்க்கார மணமும் வரும். மூச்சு தண்ணி ஓடுற மாதிரிப் போய் வரும். "ஒண்டும் இல்லை, துப்புரவாக் கிடக்கு" எண்டு சொன்னால்தான் அவர் படுப்பார்.

தொண்ணூறிலை சண்டை திரும்பத் தொடங்கி, ஊருக்குச் சாமான் வாறதைத் தடுத்தாங்கள். கரண்ட் போச்சு. பேந்து ஒவ்வொண்டா எல்லாம் போச்சு. சவர்க்காரம், பற்றரி, மண்ணெண்ணெய், குளிசை. வாய்க்குள்ளை அடிக்கிற முட்டு மருந்து ஒண்டு இருந்தது, அது வாறது நிண்டு போச்சு. ஆரோ கொழும்பாலை ஒளிச்சுக் கொண்டு வந்து தந்ததைக் கும்பத்தை வைச்ச மாதிரி அலுமாரிக்குள்ளை வைச்சிருந்தன். ஆஸ்பத்திரியிலை ஆவி பிடிக்கிற மிசின் இருந்தது, அதுக்குக் கரண்ட் வேணும். டொக்குத்தர் கையை விரிச்சார். முட்டுக் குளிசையைப் பாதியா முறிச்சு, பேந்து பாதியின்ரை பாதியா முறிச்சு, பூ நிலவரத்தைப் பாத்துப் பாத்துக் குடுத்தன். அவர் முதல்நாளே சொன்னால் முதல்நாளே ஒரு துண்டு. பகிடியாத் தொடங்கின அறிவிப்பு அப்பத்தான் உயிர் காக்கிற சாமானா மாறினது.

பங்கர் வெட்டேக்கை எங்களுக்கும் அக்காவுக்கும் சேத்து ஒண்டுதான் வெட்டினது. வேம்படியிலை, பனங்குத்தி அடுக்கி, மேலை மண் மூட்டை. உள்ளுக்கை ஈரமும் பூஞ்சணமும். இவர் ஒருக்கால் இறங்கிப் பாத்திட்டு, அரைவாசிச் சீவனோடை ஏறி வந்தார். அதுக்குப் பிறகு பிளேன் சத்தம் கேட்டால் எங்களை உள்ளுக்கை அனுப்பிப்போட்டு வெளியிலைதான் நிப்பார்.

"வாங்கோவன்! குண்டு விழப்போகுது!" எண்டு கத்துவன்.

"குண்டு விழவும் செய்யும், விழாமலும் போகும். உதுக்குள்ளை வந்தால் முட்டுறது நிச்சயம். நீர் பிள்ளையைப் பாரும்."

நான் பங்கர் வாசலிலை நிப்பன். உள்ளுக்கையும் போக ஏலாது, வெளியிலையும் வர ஏலாது. பிள்ளை உள்ளுக்கை, மனுசன் வெளியிலை. அப்பிடி நிக்கேக்கைதான் ஒரு நாள் கடற்கரைப் பக்கம் குண்டு விழுந்தது. அவருக்கு ஒரு கீறலும் இல்லை. எனக்கு வலது காது போச்சு. அண்டைக்குத் தொடங்கின இரைச்சல் இண்டைக்கும் அதுக்குள்ளை கிடக்குது. அதுக்குப் பிறகு மகளின்ரை முதுகிலை இடது காதைத்தான் வைச்சன். படுக்கேக்கையும் வலது காதைத் தலகணியிலை அமத்தி, நல்ல காது மேலை இருக்கத்தக்கதாப் படுப்பன். அவரின்ரை மூச்சு மாறினால் எனக்குக் கேக்கவேணுமெல்லே.

தொண்ணூற்று நாலு பங்குனியிலை அவர் போனார்.

முதல்நாள் காலமை தேத்தண்ணியோடை இருந்து வாசிச்சார். "இன்றைய பூ நிலவரம். வேம்பு வந்துவிட்டது." அறிவிப்பு அவ்வளவுதான், மிச்சத்தை வாசிக்க மூச்சில்லை. அக்கா மரமடியைக் கூட்டினா. கடைசிக் குளிசைத் துண்டு அதுக்கு முதல் கிழமையே முடிஞ்சு போச்சு. விடியப்புறம் அவரின்ரை உதடு நீலமாப் போக, சைக்கிளை எடுத்தன். ஒழுங்கையிலை ஒரு கார் நிண்டது. அது மண்ணெண்ணெயிலை ஓடுறது, அந்தப் புகையிலை இவர் படலையடியிலையே முடிஞ்சிருப்பார். மகளை அக்காவிட்டை விட்டிட்டு, அவரைப் பின்னாலை கரியரிலை ஏத்தி, என்ரை இடுப்பைச் சுத்திப் பிடிக்கச் சொல்லிப்போட்டு மிதிச்சன். ஆள் அப்ப பாரமே இல்லை. பிளேன் இல்லை, செல் வெடி இல்லை, எல்லாப் பக்கமும் வேப்பம்பூ மணம். அந்த மணத்தை நல்ல மணம் எண்டுதான் சனம் சொல்லும்.

அவரின்ரை நெஞ்சு என்ரை முதுகிலை. இரைச்சல் என்ரை முள்ளந்தண்டிலை ஏறி இறங்கினது. நான் கதைச்சுக்கொண்டே மிதிச்சன். "கிட்ட வந்திட்டம், வந்திட்டம், பிடிச்சுக்கொள்ளுங்கோ." பாதி வழியிலை இரைச்சல் குறைஞ்சுகொண்டு வந்து நிண்டு போச்சு. அப்பாடா, இழுப்பு விட்டிட்டுது எண்டு நினைச்சன். சந்தோசத்திலை இன்னும் கெதியா மிதிச்சன். ஆஸ்பத்திரி வாசலிலை சைக்கிளை நிப்பாட்டின பிறகுதான் அவரின்ரை கை என்ரை இடுப்பிலை இருந்து வழுகினது. அந்தச் சந்தோசத்தை நினைச்சால் எனக்கு இப்பவும் தலையைச் சுவரிலை மோதவேணும் போலை இருக்கும்.

ஆளைக் கொண்டு வந்து வளவுக்குள்ளை வைச்சபோது வேம்படியிலை பாய் நிறையப் பூக் கொட்டிக் கிடந்தது. அக்கா பாயை அப்பிடியே சுருட்டிக் கொண்டுபோய் ஒழுங்கைக்கு அங்காலை உதறிப் போட்டா. அந்த வரியம் ஒழுங்கையிலை ஒரு வீட்டிலையும் வடகம் போடேல்லை.

அதுக்குப் பிறகு நான் மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கப் பழகினன். நல்ல காதைத் தலகணியிலை அமத்தினால் ஒண்டும் கேக்காது. செல் கேக்காது, பக்கத்துக் கட்டில் வெறுமையாக் கிடக்கிறதும் கேக்காது. கேக்கிறதுக்கு இனி என்ன இருக்கு எண்ட எண்ணந்தான்.

அடுத்த பங்குனி சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. குண்டு ஓய்ஞ்சிருந்தது. கொஞ்சச் சாமான் வந்தது. இனிக் கரண்ட் வருமாம், மருந்து வருமாம் எண்டு சனம் கதைச்சது. எனக்கு அந்தக் கதையளிலை நம்பிக்கையும் இல்லை, கோவமும் இல்லை. வந்தாலென்ன, வராட்டிலென்ன? பொட்டுக்குள்ளாலை ஒருத்தரும் தலையை நீட்டேல்லை. என்னைக் கண்டால் அக்கா மரத்தை அண்ணாந்து பாக்கிறதைக்கூட நிப்பாட்டி இருந்தா. நான் மட்டும் பின்னேரங்களிலை பிள்ளை நித்திரையாக முதுகிலை காதை வைச்சுப் பாப்பன். துப்புரவாத்தான் கிடந்தது. சொல்லுறதுக்குத்தான் ஆள் இல்லை.

ஒரு நாள் விடிய எழும்பிக் கிணத்தடிக்குப் போனன். வேலிக்கு மேலாலை பாத்தால், வேம்படி கூட்டித் தெளிச்சிருக்கு. பாய் விரிச்சிருக்கு. மரத்திலை ஒரு பூவும் கண்ணுக்குத் தெரியேல்லை. அக்கா பாயின்ரை விளிம்பிலை குந்தி இருந்தா.

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறினது. மனுசன் செத்து ஒரு வரியந்தான், அதுக்குள்ளை வடகம் கேக்குதாக்கும். பொட்டுக்குள்ளாலை குனிஞ்சு போய், "ஆரக்கா உங்களுக்கு நாள் சொன்னது?" எண்டு கேட்டன்.

அவ நிமிர்ந்து பாக்கேல்லை. "விடியப்புறம் இழுக்கிற சத்தம் கேட்டுதடி பிள்ளை. நித்திரைத் தூக்கத்திலை தம்பிதான் எண்டு நினைச்சு எழும்பிக் கூட்டிப்போட்டன். விரிச்ச பிறகுதான் யோசிச்சன், தம்பி இல்லையே எண்டு." முந்தானையை வாயிலை வைச்சு அழத் தொடங்கினா. "ஐயோ, உனக்குக் கேக்கேல்லையோ?"

நான் திரும்பி ஓடினன். பொட்டிலை கிடுகு கிழிச்சுத் தோளிலை இரத்தம் வந்தது பேந்துதான் தெரியும். மகள் தன்ரை அறையிலை கட்டில் விளிம்பிலை இருந்தாள். நிமிர்ந்து, ரெண்டு கையையும் முழங்காலிலை ஊண்டி, தோளை உயத்தி. என்னைக் கண்ட உடனை வாயை இறுக்கி மூடினாள். "ஒண்டும் இல்லை அம்மா, நீங்கள் போய்ப் படுங்கோ" எண்டு சொல்லப் பாத்தாள், பாதிச் சொல்லுத்தான் வந்தது.

அவளின்ரை முதுகிலை காதை வைக்க வேண்டி இருக்கேல்லை. எனக்கு வாசலிலையே கேட்டது.